கம்பெனியில் வைத்ததுபோல

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

இதை எழுதுவது உன் அண்ணன். போஸ்ட்மேன் இல்லை, எதிர்வீட்டுத் தையல்காரர் இல்லை, நானே. எழுத்தைப் பார்த்து, கோழியைப் பிடித்து மையில் நனைத்து விட்டிருக்கிறார்கள் என்று நினைக்காதே. நானும் உன் அண்ணியும் இருக்கிறோம். நீ தீவில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா என்று முதலில் எழுது.

முனிசிபல் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நம் தெரு டீச்சரம்மா பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறார். ஏழு மாதமாகப் போகிறேன். நடுவில் நின்றுவிட்டால் நீ சிரிப்பாய் என்று சொல்லவில்லை. அறுபத்தெட்டு வயதில் முதல் பெஞ்ச். இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள் ஆகிறது. நான்கு நாளும் நன்றாக இருக்கிறது. தெருவில் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்து இரண்டு தடவை கம்பத்தில் முட்டிக்கொண்டேன். முப்பது வருஷமாக நான் வண்டியை நிறுத்திய சுவரில் 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று எழுதியிருக்கிறது, தம்பி.

உன் அண்ணி எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். "இந்த மனுஷனுக்கு எழுத வந்தாலும் வந்தது, உப்பு டப்பா மேல 'உப்பு'ன்னு எழுதி வெச்சிருக்காரு. எனக்குப் படிக்கத் தெரியாது, அவரு சமைக்கவே மாட்டாரு. அப்ப அது யாருக்கு?"

இனி வருத்தமான சங்கதி. போன மாதம் மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனவள் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்துவிட்டாள். இதயம் பலவீனமாம். செவ்வாய்க்கிழமைதோறும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறார்கள். வெயில் மட்டும் ஆகவே ஆகாது என்றார் டாக்டர். ஆனால் ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரத் தூரம். பஸ்ஸில் அவளால் நிற்க முடியாது. நம் பிக்கப் வண்டியின் கேபினோ அடுப்பு. போன செவ்வாய் போய் வந்ததும் இரண்டு நாள் படுத்துவிட்டாள். இவளை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு நான் யாருக்கு எழுதிப் படித்து என்ன?

அதனால் வண்டிக்கு ஏசி வைக்கப் போகிறேன். சிரிக்காதே. குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் பார்க்கும் ஒருவர் நம் தெருமுனைக்கு வந்திருக்கிறார். எல்லோரும் அவரை ஐஸ்பெட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். முடியும் என்கிறார்.

இதுவரை உன் கடிதத்தை யாராவது படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் முக்கால் பக்கத்தில் முடித்தாய், தெரியும். இனி யாரிடமும் கொடுக்கமாட்டேன். ஜன்னல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நானே படிப்பேன். ஒரு பக்கத்துக்கு அரை மணி ஆகும், ஆகட்டும். நீளமாக எழுது.

கை வலிக்கிறது, மனசு வலிக்கவில்லை.

உன் அண்ணன்

*

மார்ச் 20

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

வணக்கம். நான் சுகம். அண்ணியின் உடம்பை நினைத்துத்தான் இரண்டு நாளாக வேலை ஓடவில்லை.

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் ஜெனரேட்டர் அறையில் நின்றபடியே மூன்று தடவை படித்தேன். கலங்கரை விளக்கக் காவலரிடம் காட்டினேன். "உங்க அண்ணன் எழுத்து உங்க எழுத்தை விட நல்லா இருக்கே" என்கிறார். கோழி இல்லை அண்ணா, கொக்கு.

அண்ணியைக் கட்டாயம் செவ்வாய்தோறும் கூட்டிப் போங்கள். ஆனால் பிக்கப் எதற்கு? அது கிழவி. அதை இனி நோண்ட வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. யாருடைய காரையாவது ஏற்பாடு செய்ய முடியாதா? முடிந்தால் அப்படிச் செய்யுங்கள்.

எங்கள் தீவுக்குப் படகு பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான். பதில் தாமதமானால் கவலைப்படாதீர்கள்.

அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி

*

ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

அண்ணியின் மூச்சு பரவாயில்லை, என் கண் பரவாயில்லை, உன் ஜெனரேட்டர் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை நானே படித்தேன். முதல் வரியில் 'மதிப்புக்குரிய' என்ற சொல்லிலேயே கால் மணி நேரம் போய்விட்டது. இவ்வளவு மதிப்பு வேண்டாம், அடுத்த தடவை 'அன்புள்ள' போடு.

கிழவி என்றாய். நானும் கிழவன்தான். என்னை நோண்டியதால்தானே எனக்கு எழுத்து வந்தது?

வேலை தொடங்கிவிட்டது. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டியைத் தொங்கவிட்டால் இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்றார் ஐஸ்பெட்டி. கூடாது என்றேன். பார்க்கிறவர்கள் கம்பெனியிலேயே வைத்து அனுப்பியது என்று சொல்ல வேண்டும். "பெரியவரே, உங்க வண்டி வந்த காலத்துல கம்பெனிக்காரனுக்கே ஏசி கிடையாது" என்கிறார். இருக்கட்டும்.

பழைய இரும்புக் கடையில் நொறுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து குளிர்ப்பெட்டி, குழாய், காற்று வரும் நான்கு சன்னல்கள் எல்லாம் கழற்றி வந்தோம். இடதுபக்கம் சாமான் போடும் அறையை எடுத்துவிட்டு, குளிர்ப்பெட்டியை டாஷ்போர்டுக்குப் பின்னால் மறைத்தாயிற்று. அட்டையில் அளவு வெட்டி, அதைத் தகட்டில் ஒட்டி, ரம்பத் தகடால் கையாலேயே அறுத்தேன். ஒரு சன்னலுக்கு ஒரு நாள். ஓரத்தை அரத்தால் ராவி ராவி, விரல் வைத்தால் வெண்ணெய்போல இருக்கிறது. என்ஜின் ஓடினால்தான் குளிர் வரும். என்ஜின் பெல்ட்தான் அதையும் சுற்ற வேண்டும்.

ஒரு சந்தேகம். என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டுச் சுவரில், உன் அண்ணி உட்காரும் பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு ரிவெட் அடித்து, சுற்றிலும் தார் பூசியிருக்கிறது.

"இது கம்பெனி வேலை இல்லையே. யார் அடிச்சது?"

"என் தம்பி."

"எதுக்கு?"

"காரணம் இல்லாம அவன் ஒரு ஆணி கூட அடிக்கமாட்டான்."

"அப்ப அந்தக் காரணத்தைக் கேட்டு எழுதுங்க. குழாய் போறதுக்கு அதான் நல்ல இடம்."

அதனால் கேட்கிறேன். எதற்கு அடித்தாய்? ஓட்டுவது என் வேலை, மூடியைத் திறப்பது உன் வேலை என்று வண்டி வாங்கிய அன்றே பிரித்துக்கொண்டோம். எண்ணெயும் தண்ணீரும் தவிர நான் எதையும் தொடுவதில்லை. நீயும் லீவில் வந்த அன்றே, நான் மத்தியானம் கண் அசந்த நேரம் பார்த்து, மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுவிடுவாய். அண்ணனை விட வண்டி மேல்தான் உனக்குப் பாசம் என்று அண்ணி சொல்வாள்.

நீ வந்தும் மூன்று வருஷம் ஆகிவிட்டது.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் அவ்வாறே இருக்க வேண்டும்.

அந்தத் தகடு மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அடித்தது. கழற்ற வேண்டாம். குழாய்க்கு வேறு இடத்தில் துளை போடச் சொல்லுங்கள். வேலை ஒரு நாள் கூடினாலும் பரவாயில்லை.

இன்னொன்று. ஏசி ஓடும்போது கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கியே வையுங்கள். அண்ணிக்கு இதயம் பலவீனம் அல்லவா, காற்று மாறிக்கொண்டிருப்பது நல்லது.

நீளமாக எழுத நினைத்தேன். இந்தத் தடவை முடியவில்லை.

உங்கள் தம்பி

*

மே 8

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் குளுகுளு என்று இருக்கிறோம். நீயும் உப்புக்காற்றில் வதங்காமல் இரு.

உன் பதிலுக்குப் பதினெட்டு நாள் காத்திருந்தேன். வெயில் காத்திருக்கவில்லை. தகட்டைக் கழற்றிவிட்டோம். உள்ளே ஏற்கெனவே ஒரு ஓட்டை இருந்தது, கிழிந்த மாதிரி. குழாய் அதில் அப்படியே நுழைந்தது. உனக்கு நன்றி சொன்னேன், இருபது வருஷம் முன்னாலேயே வழி பண்ணி வைத்தாயே என்று. குழாயைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மழைக்கு என்றுதானே எழுதியிருக்கிறாய்? மழை வர இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. நிதானமாக அடைக்கலாம்.

குளிர் வெளியே போகாமல் இருக்க, கதவுக்கெல்லாம் புது ரப்பர் போட்டோம். தரையில் இருந்த துளைகளை அடைத்தோம். இனி எறும்பு நுழைய வழியில்லை. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கச் சொன்னாயே, அதை வாசித்ததும் ஐஸ்பெட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்க தம்பி தீவுல இருந்து இருந்து, ஊருக்கே ஏசி போடச் சொல்றாரு."

ஒன்று சொல்ல மறந்தேன். டாஷ்போர்டுக்கு வண்டியின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்து, திருகும் குமிழுக்கு மேல் மெல்லிய பிரஷால் நானே 'குளிர்' என்று எழுதினேன். வீட்டுக்கு வெளியே நான் எழுதிய முதல் சொல். பெட்ரோல் பங்கில் ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து, "இந்த மாடல்ல கம்பெனி ஏசி வந்துச்சா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய்தான்.

உன் அண்ணியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். காற்றுச் சன்னல் முன்னால் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "யோவ், சாகறவரைக்கும் இதுக்குள்ளயே இருந்துடலாம் போலிருக்கே" என்றாள். பழைய வண்டி வாசனை கொஞ்சம் அதிகமாக வருகிறது என்று ஒரு வாசனைச் சோப்பைத் துணியில் கட்டி சன்னலில் தொங்கவிட்டிருக்கிறாள். இப்போது வண்டி முழுக்கச் சோப்பு மணம்தான்.

இருபது நிமிஷம் போவதற்குள் தூங்கிவிடுகிறாள். ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்தவள் என்ன தூக்கம் தூங்குகிறாள். ஆஸ்பத்திரியில் முறை வர இரண்டு மணி நேரம் ஆகும். முன்பு வராந்தாவில் வெந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். இப்போது சுவரோரம் நிழல் பார்த்து நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் உள்ளேயே இருக்கிறோம்.

குளிர்யந்திரத்தை என்ஜின்மேல் பொருத்திய பிறகு காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஐஸ்பெட்டியைக் கேட்டேன். "குளிருக்கு மட்டும்தான் நான் பொறுப்பு பெரியவரே, நெருப்புக்கு வேற ஆளைப் பாருங்க" என்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் கேட்பதே இல்லை.

உன் அண்ணன்

*

மே 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணி எப்படி இருக்கிறார்கள்? தூக்கத்திலிருந்து எழுந்ததும் தலைவலி என்கிறார்களா? வாந்தி? செவ்வாய் அல்லாத நாட்களில் எப்படி இருக்கிறார்கள்? உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

வேறு நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து, என்ஜினைப் பார்க்கச் சொல்லுங்கள். புகை போகும் பாதையைக் குறிப்பாகப் பார்க்கட்டும். அதுவரை ஏசி போடாமல் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள். நான் சொன்னேன் என்பதற்காகவாவது செய்யுங்கள்.

படகு கிளம்புகிறது.

உங்கள் தம்பி

*

ஜூன் 10

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இரு. இங்கே நலம் என்று எழுதலாம், கொஞ்சம் யோசித்து எழுத வேண்டியிருக்கிறது.

உன் கேள்விகளைப் பார்த்தால் நீ டாக்டருக்குப் படித்திருக்கலாம். ஆமாம், செவ்வாய் சாயங்காலம் அவளுக்குத் தலை வெடிக்கிறதாம். வாந்தியும் உண்டு. புதன்கிழமை மத்தியானம் தெளிந்துவிடுகிறாள். மாத்திரையின் வேலை என்றார் டாக்டர், மாத்திரையை மாற்றியிருக்கிறார். ஆனால் முகத்தில் நல்ல சிவப்பு ஏறியிருக்கிறது. கல்யாணமான புதிதில் பார்த்த நிறம். நான் அதைச் சொன்னதற்கு, "எழுதப் படிக்க வந்ததும் இந்த மாதிரிப் பேச்சும் வந்துடுச்சா" என்று திட்டினாள்.

எனக்கும் நெற்றியில் லேசாக வலி. கண்ணாடி மாற்ற வேண்டும் போல. போன செவ்வாய் திரும்பி வரும்போது ஒரு மைல்கல்லை உரசிவிட்டேன். அது எப்போது வந்தது என்றே தெரியவில்லை. பயப்படாதே, பம்பர் மட்டும்தான். அண்ணிக்குக் கூடத் தெரியாது, தூங்கிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னாய். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். உன் கை வேலையை வேறொருவன் திறந்து பார்ப்பதா? இருபது வருஷமாக அந்த என்ஜின் ஒரு நாளும் என்னை நடுவழியில் விட்டதில்லை. அதை நீ கட்டிக் கொடுத்தாய். அடுத்த லீவில் நீயே வந்து பார். ஏசி இல்லாமல் ஓட்டச் சொன்னாய். ஒரு செவ்வாய் அப்படியும் ஓட்டினேன். பாதி வழியில் அவளுக்கு மூச்சு இரைத்து, உதடு வெளுத்துவிட்டது. உடனே கண்ணாடியை ஏற்றிக் குமிழைத் திருகினேன். மன்னித்துக்கொள், இந்த ஒன்றில் மட்டும் உன் பேச்சைக் கேட்க முடியாது.

ஆஸ்பத்திரி வாட்ச்மேன் நல்ல மனிதன். போன வாரம் முறை வந்துவிட்டது என்று கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறான். நானும் அசந்துவிட்டிருக்கிறேன். கதவைத் திறந்து எழுப்பினானாம். "பெரியவரே, ரெண்டு பேரும் இப்படித் தூங்கினா எப்படி" என்றான். பாவம் அவள், தூங்கட்டும், இனி தட்டாதே, நானே வருகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்

*

ஜூன் 26

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? படகு வந்த நாள் போயும் உன் கடிதம் வரவில்லை. கடல் கொந்தளிப்பு என்று ரேடியோவில் சொன்னார்கள். அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன். நான் எழுதியதில் கோபம் என்றால், அந்த வரியை அடித்துவிடு.

அண்ணிக்கு மறதி வருகிறது. அடுப்பை மூட்டிவிட்டு எதற்கு மூட்டினோம் என்று நிற்கிறாள். நேற்று உப்பு டப்பாவைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

உன் கடிதங்களை நான் மட்டும் மேஜையில் உட்கார்ந்து படித்துவிட்டு, "சௌக்கியமாம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறேனாம். "அவனை ஆறு வயசுல இருந்து வளர்த்தது யாரு? அடுத்த கடிதாசை எனக்கு முதல்லயிருந்து கடைசிவரைக்கும் வாசிக்கணும். நான் இல்லாம பிரிக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால் சீக்கிரம் எழுது. நீளமாக.

உன் அண்ணன்

*

ஜூலை 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அண்ணியும் நீங்களும் இந்தக் கடிதம் வரும்போது சுகமாக இருக்க வேண்டும். அதைத் தவிர எனக்கு இப்போது எதுவும் வேண்டாம்.

நான்கு வாரமாகப் படகே வரவில்லை. நேற்றுத்தான் வந்தது. ஜூன் 10 கடிதம் மட்டும் கிடைத்தது. அதற்குப் பிறகு நீங்கள் எழுதியது ஏதாவது இருந்தால் அடுத்த படகில் வரும். நிர்வாகத்து வயர்லெஸ்ஸில் சேதி சொல்லக் கெஞ்சினேன். அது பழுதாகி ஒரு மாதம் ஆகிறது. நானே கிளம்பிவரவும் பார்த்தேன். என் இடத்துக்கு ஆள் வராமல் படகில் ஏற்றமாட்டார்கள். இருப்பது இந்தத் தாள்தான்.

மேஜையில் உட்கார்ந்து நீங்கள் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாகப் போடுகிறேன். கேட்டபடி நீளமாகவும் எழுதுகிறேன். நேராகச் சொல்லிவிடலாம் என்று தொடங்கி மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். உங்களிடம் நேராகச் சொல்ல எனக்கு எப்போதுமே வந்ததில்லை. சின்ன வயதில் தப்புச் செய்துவிட்டு அண்ணியின் பின்னால் போய் நிற்பேன். அவர்கள்தான், "பையன் எதோ சொல்லணுமாம்" என்று உங்களிடம் தொடங்கிவைப்பார்கள். இப்போதும் அப்படி யாராவது தொடங்கிவைத்தால் நன்றாக இருக்கும்.

நான் தீவு வேலைக்கு வருவதற்கு முந்தைய மாதம் நினைவிருக்கிறதா? வண்டி மூன்று நாள் நிற்க, "சர்வீஸ் பண்றான்" என்று அண்ணி சொன்னார்கள். சர்வீஸ் இல்லை அண்ணா. ஒரு மத்தியானம் உங்களைக் கேட்காமல் வண்டியை எடுத்தேன். குடித்திருந்தேன். வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதினேன். அண்ணிதான் தேடிவந்து என்னை வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். இனிக் குடியைத் தொடமாட்டேன் என்று கை நீட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டு, உங்களிடம் மறைத்தார்கள். அன்றிலிருந்து நான் குடித்ததில்லை. அண்ணிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றாவது பக்கத்துக்கு வந்துவிட்டேன், இன்னும் சொல்லவில்லை. சொல்கிறேன்.

வண்டியில் ஏறாதீர்கள். அண்ணியை ஏற்றாதீர்கள். ஏசியைப் போடாதீர்கள்.

அன்று மோதியதில் என்ஜின் பின்னால் நகர்ந்து, தகட்டுச் சுவரைக் கிழித்தது. அந்தக் கிழிசலைத்தான் தகடு அடித்து மூடினேன். மழைக்கு என்று எழுதியது பொய். கிழிசலுக்கு நேர் முன்னால், என்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் இரும்புக் குழாயில் விரிசல் விழுந்தது. புது உறுப்பு கிடைக்கவில்லை. பூச்சு அப்பிக் கம்பி சுற்றினேன். ஊருக்குத் திரும்பியதும் மாற்றலாம் என்று தீவுக்கு வந்துவிட்டேன். மாற்றவே இல்லை. லீவில் வந்தால் நீங்கள் தூங்கும் நேரம் பார்த்து மறுபடி பூசுவேன். அதுதான் அண்ணி சொன்ன பாசம்.

நீங்கள் கேட்கும் டிக் டிக் சத்தம் அந்தப் பூச்சு உதிர்ந்துவிட்டதன் சத்தம். இத்தனை வருஷம் கண்ணாடி திறந்திருந்தது, தரையில் ஓட்டை இருந்தது, தகடு இருந்தது. இப்போது எதுவும் இல்லை. குளிர்ப்பெட்டியின் விசிறி அந்த ஓட்டை வழியாகப் புகையை இழுத்து, நீங்கள் அறுத்த நான்கு சன்னல் வழியாக அண்ணியின் முகத்தில் விடுகிறது. அந்த விஷத்துக்கு வாசனை கிடையாது. தூக்கம்தான் வரும். பிறகு தலைவலி, முகச்சிவப்பு. அதற்குப் பிறகு எழுப்ப முடியாது. அது இதயம் இல்லை, மாத்திரையும் இல்லை. நான்தான்.

ஏப்ரலிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன். 'காரணம் இல்லாமல் ஒரு ஆணி அடிக்கமாட்டான்' என்ற உங்கள் வரியைப் பார்த்தேன். கை வரவில்லை.

இதைப் படித்ததும் வண்டிச் சாவியை டீச்சரம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு எதில் வேண்டுமானாலும் போங்கள். ஒரு செவ்வாய் விட்டுப்போனால் கூடப் பரவாயில்லை, அந்த வண்டி வேண்டாம். பிறகு என்னைத் திட்டி எழுதுங்கள். எத்தனை பக்கம் வேண்டுமானாலும்.

உங்கள் தம்பி

*

ஜூலை 26, திங்கள்

அன்புத் தம்பிக்கு,

நீ சுகம் என்று கைக்கு வந்த கனத்திலேயே தெரிந்துவிட்டது. நோயாளி இவ்வளவு எழுத முடியாது. அண்ணி இன்று காலையிலிருந்து தெளிவாக இருக்கிறாள். என்னைப் பற்றிக் கேட்காதே, தரையில் கால் பாவவில்லை.

உன் கடிதம் மத்தியானம் வந்தது. போஸ்ட்மேன் கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, தம்பி புஸ்தகமே போட்டுட்டாரா?" என்றான். நான் தடவிப் பார்த்தேன், மூன்று தாள் இருக்கும். இரண்டு பக்கமும் எழுதியிருந்தால் ஆறு பக்கம். எனக்கென்று இவ்வளவு நீளமாக யாரும் எதுவும் எழுதியதில்லை. தையல்காரர், "நான் வாசிக்கட்டுமா?" என்று கை நீட்டினார். பனியனுக்குள் வைத்துக்கொண்டேன்.

இன்னும் பிரிக்கவில்லை. சத்தியம் சத்தியம்தான். இப்போதே வாசிக்கிறேன் என்று அண்ணியிடம் கேட்டுப் பார்த்தேன். வீட்டுக்குள் புழுக்கம், தலை நிற்கவில்லை, நாளைக்கு ஆகட்டும் என்றாள். அவளே ஒரு யோசனையும் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு முதலிலேயே தோன்றவில்லையே என்று இருந்தது.

நாளைக்குச் செவ்வாய். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு, அந்தச் சுவரோர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, 'குளிர்' குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, உன் கடிதத்தை அங்கே உட்கார்ந்து வாசிக்கப் போகிறேன். ஒரு பக்கத்துக்கு அரை மணி, முறை வர இரண்டு மணி நேரம். முறை வருவதற்குள் முதல் நான்கு பக்கம், மீதி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து. நான் எழுத்துக்கூட்டுவது வெளியே கேட்டால் வராந்தாவில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கண்ணாடியை நன்றாக ஏற்றிவிடுவேன். வாட்ச்மேனிடம் இன்னொரு தடவை சொல்ல வேண்டும், என்ன ஆனாலும் தட்டாதே என்று.

"நடுவுல நான் தூங்கிட்டா?" என்று கேட்டாள் உன் அண்ணி.

"தூங்கினா நிறுத்திடுவேன். எழுந்ததும் விட்ட இடத்துலேருந்து வாசிப்பேன்."

"நீங்க தூங்கிட்டா?"

"என் தம்பி எழுதினதை வாசிக்கும்போது எனக்கு எங்கே தூக்கம் வரும்?" என்றேன்.

இப்போதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் இவ்வளவு எழுதிவிடுகிறேன், கவனித்தாயா? இதை மடித்து உறையில் போட்டுவிட்டுத்தான் தூங்குவேன். காலையில் போகும் வழியில் தபால்பெட்டியில் சேர்த்துவிடலாம்.

ஒரு சின்னத் திருட்டுத்தனம் செய்தேன், சொல்லிவிடுகிறேன். உன் உறையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறது. எனக்காகத்தான், தெரிகிறது. முதல் வரி மட்டும் படிக்க முடிந்தது. 'அன்புள்ள அண்ணாவுக்கு.' நான் சொன்னபடியே போட்டிருக்கிறாய்.

மீதி நாளைக்கு.

உன் அண்ணன்